இரவு ஷிஃப்ட் மைனஸில் வருவது ஏன்?

கேள்வி: கடலூர் சிப்காட் ஆலைகளுக்கு ஒப்பந்த ஆட்களை அனுப்பும் அலுவலகத்தில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் டேபிளில் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் என இரண்டு ஃபீல்டு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், 9:50-க்கு வந்து 10:15-க்குக் கிளம்பியவருக்கு 6500 என்று காட்டுகிறது. இரவு ஷிஃப்ட்காரர்களுக்கு மைனஸ் வேறு. என்ன செய்வது?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: டைம் வகை ஃபீல்டுகளைக் கழித்தல் குறி போட்டுக் கழித்தால், மைஎஸ்க்யூஎல் நடுவிலுள்ள புள்ளிகளை எடுத்துவிட்டு வெறும் எண்ணாக்கிக்கொள்ளும். 10:15:00 என்பது 101500, 9:50:00 என்பது 95000. மிச்சம் 6500. ஒரு மணிக்கு 60 நிமிடம் என்பதே அந்தக் கணக்கில் கிடையாது. இரண்டையும் டைம்_டு_செக் ஃபங்ஷனால் நொடிகளாக்கிக் கழியுங்கள். 1500 நொடி, அதாவது 25 நிமிடம் சரியாக வரும்.

இரவு 10-க்கு வந்து காலை 6-க்குப் போகிறவருக்கு இது போதாது. மைனஸ் 16 மணி நேரம் என்றுதான் வரும். போன நேரம் சிறியதாக இருந்தால் 24 மணி நேரம் கூட்டு என்று நிபந்தனை போட்டுப் பலர் சமாளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடலூரில் புயல் மழை அடித்து, மாற்றிவிட ஆள் வராமல், மதியம் 2-க்கு வந்தவர் மறுநாள் மதியம் 3 வரை நிற்கிறார் என்று வையுங்கள். 25 மணி நேரம் நின்றவருக்கு ஒரு மணி நேரம்தான் ஏறும்!

ஆகவே தேதியும் நேரமும் சேர்ந்த டேட்டைம் ஃபீல்டாக மாற்றிவிடுங்கள். பஞ்சிங் மெஷினிலிருந்து இறக்கும்போது தேதியை வெட்டாதீர்கள். அப்புறம் இரண்டு நேரங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைத் தரும் டைம்ஸ்டாம்ப்டிஃப் ஃபங்ஷன் ஒன்றே போதும்: முதலில் அலகு, அடுத்து வந்த நேரம், கடைசியில் போன நேரம். வரிசை மாறினால் திரும்பவும் மைனஸ்தான்.

அலகாக மட்டும் 'ஹவர்' போட்டுவிடாதீர்கள். புதுச்சேரியில் மில் ஷிஃப்ட் கணக்கு பார்த்த காலத்திலிருந்தே இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அது முழு மணியை மட்டுமே எண்ணும். 7 மணி 50 நிமிடம் வேலை செய்தவருக்கு 7 என்றே தரும். 26 நாளில் 21 மணி 40 நிமிடம் போய்விடும். ஏறக்குறைய மூன்று நாள் கூலி அது, ராத்திரியெல்லாம் பாய்லர் பக்கத்தில் கண்விழித்தவருடைய கூலி. 'மினிட்' போட்டு, மாதம் முழுக்க நிமிடத்திலேயே கூட்டி, சம்பளச் சீட்டு அடிக்கும்போது மட்டும் 60-ஆல் வகுங்கள்.

வெளியேறும்போது பஞ்ச் அடிக்க மறந்தவர்களுக்கு விடை 'நல்' (NULL, அதாவது மதிப்பே இல்லை) என்று வரும். மொத்தம் கூட்டும்போது 'சம்' (SUM) ஃபங்ஷன் அதைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். அந்த வரிகளைத் தனியே எடுத்து, சூப்பர்வைசரிடம் கேட்டு நிரப்பிய பிறகே மாதக் கணக்கை முடியுங்கள்.