டெக்ஸஸ் பிளேபாய்ஸ் – கடிதம்

அன்புள்ள சார்,

போன கட்டுரையில் டெக்ஸஸ் பிளேபாய்ஸ் இசைக்குழுவை நடத்திய பாப் வில்ஸ் பற்றி ஒரு வரி சொல்லியிருந்தீர்கள். தேடிப்பிடித்துக் கேட்டேன். பிடில் இருக்கிறது, சாக்சபோன், ட்ரம்ஸ் எல்லாம் இருக்கின்றன, நடுநடுவே யாரோ ‘ஆஹா’ என்று கூவுகிறார். இது கன்ட்ரியா, ஜாஸா? நல்ல கிராமிய இசையில் விற்பனைக்காகக் கலப்படம் செய்திருக்கிறார்கள் என்றே எனக்குப் பட்டது. அப்படி நினைப்பது தவறா? எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

க.,
திருச்சி

அன்புள்ள க.,

கூவுகிறவர்தான் பாப் வில்ஸ். 1935-இல் டல்லாஸில் நடந்த முதல் ஒலிப்பதிவிலேயே தயாரிப்பாளர் ஆர்ட் சாதர்லி அந்தக் கூவல் வேண்டாம் என்றார். ஊதுகருவிகளும் அவருக்குப் பிடிக்கவில்லை. அப்படியென்றால் கிளம்புகிறேன் என்று வில்ஸ் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டார். பிறகு சாதர்லிதான் இறங்கிவந்தார். விற்பனையை மட்டும் நினைத்த ஆள் முதல் நாளே அப்படி முறைத்துக்கொண்டு நிற்கமாட்டார்.

தூய கன்ட்ரி தனியாக இருந்தது, இவர் அதில் வேறெதையோ கொண்டுவந்து சேர்த்தார் என்று நினைக்கிறீர்கள். அவர் வளர்ந்த இடத்தில் அப்படித் தனியாக எதுவும் இல்லை. 1905-இல் டெக்ஸஸில் பருத்தி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா, தாத்தா எல்லோரும் பிடில் வாசிப்பவர்கள். காட்டில் கூடவே பருத்தி எடுத்த கறுப்பினத் தொழிலாளர்களின் பாட்டும் ஆட்டமும் சின்ன வயதிலேயே காதில் விழுந்தன. புளூஸ் என்ற கறுப்பின இசையின் பெரும் பாடகியான பெஸ்ஸி ஸ்மித் பாடுவதைக் கேட்க ஐம்பது மைல் குதிரையில் போனதாகப் பின்னால் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் நடனக்கூடம். இந்த இசையை உண்டாக்கியது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். 1931-இல் ஃபோர்ட் வொர்த்தில் ஒரு மாவு மில்லின் விளம்பரத்துக்காக வானொலியில் வாசித்த லைட் கிரஸ்ட் டோபாய்ஸ் குழுவில் வில்ஸும் பாடகர் மில்டன் பிரவுனும் இருந்தார்கள். மில் மேலாளர் ஓ’டேனியல் (பிற்பாடு டெக்ஸஸ் கவர்னரே ஆனவர்) நடன நிகழ்ச்சிகளில் வாசிக்கக்கூடாது என்றார். பிரவுன் 1932-இல் விலகித் தனிக் குழு தொடங்கினார். இந்தக் கலப்பு இசைக்கு வெஸ்டர்ன் ஸ்விங் என்று பெயர்; அதன் கதையில் அவருக்கும் சம பங்கு உண்டு. வில்ஸ் அடுத்த வருடம் வெளியே வந்து டெக்ஸஸ் பிளேபாய்ஸைத் தொடங்கினார். 1934-இல் ஓக்லஹோமாவின் டல்சாவுக்குப் போய்ச் சேர்ந்தார். பகலில் கேவிஓஓ வானொலி, இரவில் கெயின்ஸ் பால்ரூம். பெரிய கூடத்தில் நூற்றுக்கணக்கான ஜோடிகள் ஆடும்போது பிடிலும் கிதாரும் மட்டும் எப்படி எடுபடும்? தாளம் கடைசி வரிசைவரை கேட்கவேண்டும். அதற்காகத்தான் ஸ்மோக்கி டேகஸ் ட்ரம்ஸோடு வந்தார். சாக்சபோன், ட்ரம்பெட் வந்தன. லியோன் மெக்காலிஃபின் ஸ்டீல் கிதாருக்கு மின்சாரம் வந்தது. ஆடுகிறவர்கள் வால்ட்ஸ் கேட்டால் வால்ட்ஸ், புளூஸ் கேட்டால் புளூஸ்.

கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் இதை எளிதில் ஏற்கவில்லை. கன்ட்ரியின் பெரிய மேடையான கிராண்ட் ஓல் ஓப்ரியில் அப்போது ட்ரம்ஸுக்கு இடமில்லை. 1944 டிசம்பரில் வில்ஸ் அங்கே போனபோது ட்ரம்ஸ் இல்லாமல் வாசிக்க மறுத்து, ட்ரம்ஸோடே வாசித்தும் காட்டினார். இன்று ட்ரம்ஸ் இல்லாத கன்ட்ரி பாண்டைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். கறுப்பினத்தவரிடம் கற்றதில் எழுந்த இந்தக் குழுவில் இருந்தவர்கள் வெள்ளையர்கள். டல்சாவில் 1921-இல் வெள்ளையர் கும்பல் ஒன்று கறுப்பினத்தவர் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியை எரித்துத் தரைமட்டமாக்கியது. பதின்மூன்று வருடம் கழித்து அதே ஊரில்தான் இவர்கள் புளூஸ் வாசித்துக் கொண்டாடப்பட்டார்கள். வில்ஸின் இசையை மனமாரக் கொண்டாடுகிற எனக்கு இது தீராத உறுத்தல். கலப்பைப் பற்றி விவாதிப்பதானால், யார் யாரிடமிருந்து எடுத்தார்கள், யாருக்குக் காசு வந்தது என்றே விவாதிப்போம். அதைவிட்டுத் தூய்மை கெட்டது என்று வருத்தப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சரி, எதைக் கேட்பது? எல்லோரும் 1940-இன் ‘நியூ சான் அன்டோனியோ ரோஸ்’ என்பார்கள். நல்ல பாட்டு, புகழ்பெற்ற பாடகர் பிங் கிராஸ்பியும் பாடிப் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் நான் 1946, 47-இல் கலிபோர்னியாவில் வானொலிக்காகப் பதிவான ‘டிஃபனி டிரான்ஸ்கிரிப்ஷன்ஸ்’ தொகுப்பைத்தான் முதலில் தருவேன். போருக்குப் பின் குழு சிறுத்து, ஊதுகருவிகள் போய்விட்டன. அவை செய்த வேலையைக் கிதாரும் மாண்டலினும் ஸ்டீல் கிதாரும் பகிர்ந்துகொள்கின்றன. ஜூனியர் பார்னார்டின் கரகரத்த கிதாரைக் கேளுங்கள். ராக் அண்ட் ரோலுக்கு இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன என்று நம்பவே முடியாது. குழுவின் பாடகர் டாமி டங்கன் குரலை ஏற்றாமல் இறக்காமல் பாட, பக்கத்திலிருந்து வில்ஸ் வாசிப்பவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு உசுப்புவார். அதன்பிறகு 1935 முதல் 41 வரையிலான பதிவுகளுக்குப் போங்கள்.

1973 டிசம்பரில் கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகர்டும் சேர்ந்துகொண்ட கடைசி ஒலிப்பதிவைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஏற்கெனவே பக்கவாதத்தில் தளர்ந்திருந்த வில்ஸ் முதல் நாள் சக்கரநாற்காலியில் வந்திருந்தார். அன்றிரவு மறுபடி பக்கவாதம் தாக்கியது. மீதியை அவரில்லாமல்தான் முடித்தார்கள். 1975 மே மாதம் இறந்தார். பழைய பதிவுகள் காதில் நன்றாக ஏறியபிறகு அதைக் கேளுங்கள், கேட்டுவிட்டு எழுதுங்கள்.