யவுன்ட்வில்: நாபா பள்ளத்தாக்கின் இந்தச் சின்ன ஊர் ஏன் வளரவே இல்லை?

கேள்வி: கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில், அதுவும் உலகப் புகழ்பெற்ற ஒயின் பகுதியின் நடுவில் இருந்தும், யவுன்ட்வில் ஏன் மூவாயிரம் சொச்சம் பேரோடு நிற்கிறது? அங்கே உண்மையில் யார்தான் குடியிருக்கிறார்கள்?

நான் அதே நாபா கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தென்கோடியில், அமெரிக்கன் கேன்யனில் குடியிருக்கிறேன். பிழைப்பு ஜிஐஎஸ், அதாவது கணினியில் வரைபடத் தகவல்களைக் கையாளும் வேலை. நாள் முழுக்க வரைபடமும் சென்சஸ் அட்டவணையும்தான். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். 2000 சென்சஸில் யவுன்ட்வில்லின் மக்கள்தொகை 2,916. 2010-ல் 2,933. பத்து வருடத்தில் 17 பேர் கூடியிருக்கிறார்கள்! 2020-ல் 3,436. ஊரின் பரப்பு ஒன்றரை சதுர மைல், அதாவது சுமார் நாலு சதுர கிலோமீட்டர். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நடந்தே போய்விடலாம். கவுண்டி முழுக்கவே 1,38,019 பேர்தான். அதில் 79,246 பேர் நாபா நகரத்தில். எங்கள் அமெரிக்கன் கேன்யனில் 21,837 பேர். சுற்றுலாப் பயணி யாரும் எங்கள் ஊரைப் படம் எடுப்பதில்லை. ஆனால் யவுன்ட்வில்லைப் புரிந்துகொள்ள எங்கள் ஊரும் தேவை, பின்னால் வருகிறேன்.

இந்த மூவாயிரத்தை அப்படியே நம்பி ஊரைக் கற்பனை செய்தால் தப்பாகப் போகும். ஹைவே 29 ஊரின் மேற்கு ஓரமாகப் போகிறது. அதற்குக் கிழக்கே நீங்கள் படங்களில் பார்க்கிற யவுன்ட்வில்: வாஷிங்டன் தெரு, உணவகங்கள், ஒயின் சுவைக்கும் அறைகள், ஹோட்டல்கள். ஹைவேக்கு மேற்கே, மலையடிவாரத்தில், மரங்களுக்கு நடுவே பெரிய வெள்ளைக் கட்டடங்கள் தெரியும். அது கலிபோர்னியா வெட்டரன்ஸ் ஹோம். 1884-ல் முன்னாள் படைவீரர்களுக்காகத் தொடங்கியது. பிறகு மாநில அரசு எடுத்து நடத்துகிறது. நாட்டிலேயே பெரிய வெட்டரன்ஸ் இல்லங்களில் ஒன்று. அதன் வளாகம் ஊர் எல்லைக்குள்ளேயே வருகிறது. ஆகவே அங்கே தங்கியிருக்கும் முதியவர்கள் எல்லோரும் சென்சஸில் யவுன்ட்வில் குடிமக்கள்.

2010 கணக்கில் ஊர் மக்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் வீடுகளில் இல்லை, இந்த மாதிரிக் கூட்டுத் தங்குமிடத்தில்தான் இருந்தார்கள். வீடு, வாசல், அண்டை அயல் என்று வாழ்கிறவர்கள் இரண்டாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. சென்சஸ் அட்டவணையில் இந்தக் கூட்டுத் தங்குமிடங்களுக்கு 'குரூப் குவார்ட்டர்ஸ்' என்று தனியாக ஒரு வரி இருக்கும். சின்ன ஊர்களைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான். இவ்வளவு சின்ன ஊரில் ஒரு வளாகத்தில் சில நூறு படுக்கைகள் நிரம்பினாலோ காலியானாலோ, 'ஊர் வளர்ந்தது', 'ஊர் தேய்ந்தது' என்று தலைப்புச் செய்தி போட்டுவிடலாம். ஊரில் ஒரு செங்கல் கூட நகர்ந்திருக்காது.

இனி நில அமைப்பு. நாபா பள்ளத்தாக்கு சுமார் 30 மைல் நீளம். அகலமான இடத்திலேயே 5 மைல்தான். மேற்கே மாயகாமஸ் மலைத்தொடர், கிழக்கே வாக்கா மலைத்தொடர். நடுவில் நாபா ஆறு தெற்கே ஓடி சான் பாப்லோ விரிகுடாவில் சேர்கிறது. யவுன்ட்வில் நாபா நகரத்துக்கு வடக்கே சுமார் 9 மைலில், கடல்மட்டத்துக்கு மேல் கிட்டத்தட்ட நூறே அடி உயரத்தில், சமதளத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஊருக்கு வடக்கே பள்ளத்தாக்கின் தரையிலிருந்தே யவுன்ட்வில் குன்றுகள் எழும்பி நிற்கும்.

வடக்கே போனால் குளிரும் என்பது பொதுவான நினைப்பு. நாபாவில் கோடைகாலத்தில் நேர்மாறு. தெற்கே இருக்கும் விரிகுடாவிலிருந்து இரவில் மூடுபனி உள்ளே ஏறி வரும். காலையில் மெதுவாகப் பின்வாங்கும். ஜூலை மாதம் காலை ஏழு மணிக்கு எங்கள் ஊரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பினால், பள்ளத்தாக்கின் வடகோடியான கலிஸ்டோகாவில் மத்தியானம் மண்டை காயும். யவுன்ட்வில் இரண்டுக்கும் நடுவில். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர்ச்சி. திராட்சைக்கு வேண்டியது இந்த ஏற்ற இறக்கம்தான். சர்க்கரை ஏறும், புளிப்பும் போகாது. இந்தப் பகுதிக்கென்று தனி ஒயின் எல்லையே 1999-லிருந்து சட்டப்படி உண்டு. பிரெஞ்சு ஷாம்பெயின் நிறுவனமான மோய்ட் 1973-ல் அமெரிக்காவில் காலூன்ற இடம் தேடியபோது வந்து நின்றதும் இங்கேதான். அவர்களுடைய டொமேன் ஷான்டோன் தோட்டம் வெட்டரன்ஸ் ஹோமுக்குப் பக்கத்து நிலம்.

மண்ணுக்கு அடியிலும் சமாச்சாரம் இருக்கிறது. பள்ளத்தாக்கின் மேற்கு ஓரமாக வெஸ்ட் நாபா என்ற நிலநடுக்கப் பிளவு போகிறது. 2000 செப்டம்பர் 3 அன்று யவுன்ட்வில்லுக்கு மேற்கே மையம் கொண்டு 5 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. பெயர் யவுன்ட்வில் நிலநடுக்கம், அடி வாங்கியது என்னவோ நாபா நகரம். ஆற்றோர வண்டல் மண் அங்கே அதிர்வைப் பெருக்கிவிட்டது. 2014 ஆகஸ்டில் வந்த 6.0 அளவு நிலநடுக்கத்தின் மையம் இன்னும் தெற்கே. 2017 அக்டோபரில் கிழக்கு மலையிலும் மேற்கு மலையிலும் ஒரே சமயத்தில் காடு எரிந்தது. தப்பித்து வெளியேற ஹைவே 29, கிழக்கே சில்வராடோ ட்ரெயில் என்று நெடுக்காக இரண்டே முக்கியச் சாலைகள். இப்படி ஒரு இடத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு வீடு கட்டுவது சரிதானா என்று கேட்டால், நான் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் ஊர் வளராததற்கு மலையையும் நிலநடுக்கத்தையும் மட்டும் காரணம் சொல்ல முடியாது. இதைவிட ஆபத்தான இடங்களில் கலிபோர்னியா தாராளமாக வீடு கட்டியிருக்கிறது. உண்மையான வேலி சட்டம். 1968-ல் நாபா கவுண்டி பள்ளத்தாக்கின் தரையை 'விவசாயக் காப்பு நிலம்' என்று அறிவித்தது. அமெரிக்காவிலேயே இந்த மாதிரி முதல் ஏற்பாடு. ஒரு மனையைப் பிரித்தால் குறைந்தது 20 ஏக்கராவது இருக்க வேண்டும் என்றார்கள். பிறகு அதை 40 ஆக்கினார்கள். 40 ஏக்கருக்கு ஒரு வீடு என்றால் எந்த ரியல் எஸ்டேட்காரர் பிளாட் போடுவார்? 1990-ல் மக்கள் வாக்கெடுப்பில் இன்னொரு பூட்டு: விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற வேண்டுமானால் கவுண்டி வாக்காளர்களே ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். 2008-ல் அதை 2058 வரை நீட்டித்துவிட்டார்கள்.

இதன் விளைவை நேரில் பார்க்க வேண்டுமானால் வாஷிங்டன் தெருவில் வடக்கே நடந்து போங்கள். கடை, வீடு, வீடு என்று வரும். சட்டென்று திராட்சைக் கொடி ஆரம்பித்துவிடும். புறநகர், பாதி கட்டிய லேஅவுட், காலிமனை என்று நடுவில் எதுவும் கிடையாது. பெங்களூரு, கோவைப் பக்கம் ஊர் எப்படிக் கரைந்து கரைந்து போகும் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது விசித்திரமாக இருக்கும். யவுன்ட்வில் தனி நகராட்சியானதே 1965-ல்தான். எல்லை போட்ட மூணே வருடத்தில் அந்த எல்லைக்கு வெளியே இருந்த நிலம் பூட்டப்பட்டுவிட்டது.

இந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அது இல்லையென்றால் இன்று அங்கே வீட்டு வரிசைதான் இருந்திருக்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பவர்கள் வேறு ஆட்கள். நல்ல திராட்சை நிலம் ஏக்கர் சில லட்சம் டாலர். ஊருக்குள் சாதாரண வீடு கூட பத்து லட்சம் டாலருக்கு மேல். அந்த வீடுகளில் கணிசமானவை வார இறுதிக்கு மட்டும் விளக்கு எரிகிற இரண்டாம் வீடுகள். ஃபிரெஞ்ச் லாண்டரி உணவகத்தில் தட்டு கழுவுகிறவரோ ஹோட்டலில் படுக்கை விரிப்பவரோ அங்கே வீடு வாங்குவது நடக்கிற காரியமா? அவர்கள் நாபாவிலும் எங்கள் அமெரிக்கன் கேன்யனிலும் கவுண்டியைத் தாண்டி வல்லேஹோ, ஃபேர்ஃபீல்டிலும் இருக்கிறார்கள். விடிகாலையில் ஹைவே 29-ல் வடக்கே போகிற கார்களைப் பாருங்கள், பின்சீட்டில் சமையல்காரரின் வெள்ளைக் கோட்டு தொங்கும். சாயங்காலம் அதே வரிசை தெற்கே ஊர்ந்து வரும், அதில் மாட்டிக்கொண்டால் நானும் ஊர்வேன். சென்சஸ் இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்று எண்ணுகிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு எண்ணினால் யவுன்ட்வில் வேறு ஊர்.

அறுவடைக்கால ஆட்கள் தனிக் கணக்கு. கவுண்டி மூன்று தொழிலாளர் விடுதிகள் நடத்துகிறது, ஒவ்வொன்றிலும் 60 படுக்கை. திராட்சைத் தோட்டக்காரர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று தங்களுக்குத் தாங்களே வரி போட்டு அதற்குப் பணம் தருகிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் 180 படுக்கை எத்தனை பேருக்குப் போதும்? கவுண்டியில் திராட்சை மட்டுமே 45,000 ஏக்கர் அளவுக்கு இருக்கிறது.

அம்மா இங்கே வந்திருந்தபோது ஒரு சனிக்கிழமை யவுன்ட்வில்லுக்குக் கூட்டிப் போனேன். ஃபிரெஞ்ச் லாண்டரி மூன்று மிஷலின் நட்சத்திரம், அதாவது உணவகங்களுக்கான மிக உயர்ந்த மதிப்பீடு, வாங்கிய இடம். உள்ளே போவதற்கு முன்பதிவும் வேண்டும், தைரியமும் வேண்டும். ஆனால் தெருவுக்கு எதிரே அவர்களுடைய காய்கறித் தோட்டம் திறந்தே கிடக்கும், யாரும் உள்ளே போய் நடக்கலாம். அம்மா பாத்தி பாத்தியாகக் குனிந்து பார்த்து, ஒரு கீரை இலையைத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் நகர்ந்தார். அப்புறம் பூங்கா பக்கம் வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டார்: "ஏன்டா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிள்ளைங்களையே காணோமே?"

அட்டவணையைத் திறக்காமலே அம்மா அட்டவணையைப் படித்துவிட்டார். யவுன்ட்வில் ஆரம்பப் பள்ளியை 2020-ல் மூடிவிட்டார்கள். காரணம் எளிது, சேர்க்கை குறைந்துகொண்டே போனது. இளம் குடும்பம் வீடு வாங்க முடியாது. வாங்க முடிந்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். வெட்டரன்ஸ் ஹோம் ஒரு பக்கம், ஓய்வுபெற்றவர்கள் இருக்கும் மொபைல் ஹோம் குடியிருப்புகள் இன்னொரு பக்கம். இந்த ஊரின் வயதுப் பிரமிடை (குழந்தைகள் அடியில், முதியவர்கள் உச்சியில் வரும் படம்) வரைந்தால் தலைகீழாகத்தான் நிற்கும். பணம் இல்லாமல் பள்ளி மூடுகிற ஊர்களைப் பார்த்திருப்பீர்கள். இங்கே நகராட்சிக்குப் பணத்துக்குப் பஞ்சமே இல்லை. வருமானத்தில் பெரும்பகுதி ஹோட்டல் அறை வரியிலிருந்து கொட்டுகிறது. அந்த வரியைக் கட்டுபவர்கள் ஒருவருக்கும் அங்கே ஓட்டு கிடையாது என்பது வேடிக்கை.

இன்னொரு மக்கள்தொகைக் கதையையும் விடக்கூடாது. யவுன்ட் என்பது ஒரு ஆளின் பெயர். ஜார்ஜ் யவுன்ட், வட கரோலினாவில் பிறந்தவர். 1836-ல், இது மெக்சிகோவாக இருந்த காலத்தில், ராஞ்சோ காய்மஸ் என்ற கிட்டத்தட்ட 12,000 ஏக்கர் நிலத்தை மானியமாகப் பெற்றார். பள்ளத்தாக்கில் முதல் திராட்சைக் கொடியை நட்டவர் அவர் என்பார்கள். அவர் வந்தபோது இடம் காலியாக இல்லை. பூர்வகுடிகளான வாப்போ மக்களின் ஊர்கள் இருந்தன. காய்மஸ் என்பதே அவர்களுடைய ஒரு கிராமத்தின் பெயர். 1830-களின் கடைசியில் வந்த பெரியம்மை அவர்களைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. செபாஸ்டபோல் என்று இருந்த ஊருக்கு யவுன்ட் இறந்த இரண்டு வருடம் கழித்து, 1867-ல், அவர் பெயரை வைத்தார்கள். ஊரின் வடகோடியில் முன்னோடிகள் கல்லறை இருக்கிறது, அவருடைய கல்லும் அங்கேதான். வாப்போ மக்களைப் புதைத்த இடமும் அதே வளாகம். ஒயின் சுற்றுலா வண்டிகள் நிற்காத இடம் என்பதால் நிதானமாகப் பார்க்கலாம்.

சரி, இனியாவது ஊர் வளருமா? கொஞ்சம் வளரலாம். மாநில அரசு ஒவ்வொரு நகராட்சிக்கும் இத்தனை வீடு கட்ட இடம் காட்டு என்று இலக்கு கொடுக்கிறது, யவுன்ட்வில்லுக்கும் விலக்கு இல்லை. எல்லைக்கு வெளியே கை வைக்க முடியாது, உள்ளே காலிமனை விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதனால் எல்லோருடைய கண்ணும் மூடிய அந்தப் பள்ளி நிலத்தின் மேல். நகராட்சியே அதை வாங்கி, உள்ளூரில் வேலை செய்பவர்கள் குடியிருக்கும்படி வீடுகள் கட்டுவது பற்றித் திட்டம் பேசிக்கொண்டிருக்கிறது. அது நடந்து குழந்தைகளோடு குடும்பங்கள் வந்துவிட்டால், அடுத்த சிக்கல் அந்தப் பிள்ளைகளைப் படிக்க எங்கே அனுப்புவது என்பதுதான். இப்போதைக்கு ஒன்பது மைல் தள்ளி நாபாவுக்கு.