மஞ்சள், நிலவேம்பு, அவுரி: குடல் அழற்சி நோயாளிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் கணவருக்கு இரண்டு வருடமாக அல்சரேட்டிவ் கொலைடிஸ் (பெருங்குடலின் உள்சுவர் அழன்று புண்ணாகும் நோய்). அழற்சியை அடக்கும் மெசலமைன் மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் ராத்திரி மஞ்சள் பால் கொடுக்கிறேன். மலத்தில் ரத்தம் போவது நின்றுவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. ரத்தம் நின்றாலும் குடலின் உள்சுவரில் புண் ஆறாமல் இருக்கலாம். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியிலோ, அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை மலத்தில் பார்த்தாலோதான் அது தெரியும்.

மஞ்சளின் மேல் உங்களுக்கு இருக்கும் நம்பிக்கையில் விஷயம் இருக்கிறது. ஜப்பானில் நோய் அடங்கியிருந்த 89 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. வழக்கமான மருந்தோடு, மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமினும் தினம் 2 கிராம் எடுத்தவர்களில் ஆறு மாதத்தில் சுமார் 5 சதவீதம் பேருக்குத்தான் நோய் திரும்பியது. குர்குமினுக்குப் பதில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 20 சதவீதம். ஆனால் இரண்டு தரப்பிலும் யாரும் வழக்கமான மருந்தை நிறுத்தவில்லை.

அப்புறம், அளவு. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். ஒரு தேக்கரண்டித் தூளில் 100 மில்லிகிராம் தேறினால் அதிகம். அந்த 2 கிராமைத் தூளிலிருந்து எடுக்க வேண்டுமானால் தினம் இருபது தேக்கரண்டி சாப்பிட வேண்டும். தில்லி எய்ம்ஸில் தினம் 450 மில்லிகிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். தனிப் பலன் தெரியவில்லை. பால் ஒத்துக்கொண்டால் மஞ்சள் பால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் கேப்ஸ்யூல்தான் உடம்பில் ஒட்டும் என்கிறார்களே?

பதில்: மிளகின் பைபரின் குர்குமினை ரத்தத்தில் ஏற்றுவது உண்மை. ஆனால் பெருங்குடல் புண்ணுக்கு அது ரத்தத்தில் ஏறியே ஆக வேண்டும் என்பதில்லை. உறிஞ்சப்படாமல் கீழே போவதுதான் புண்மேல் நேராகப் படுகிறது. பைபரின் மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் கூட்டிவிடலாம். இத்தகைய கேப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. நான் மிளகு சேராததையே சொல்வேன், அதுவும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு.

கேள்வி: நிலவேம்புக் கசாயம் குடலுக்கு நல்லதா?

பதில்: நிலவேம்புச் சாறு மாத்திரையை 224 கொலைடிஸ் நோயாளிகளிடம் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். தினம் 1,800 மில்லிகிராம் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், வெற்று மாத்திரையில் 40. நல்ல தொடக்கம்தான். ஆனால் அடுத்த பெரிய ஆய்வைப் பலன் தேறாது என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். காய்ச்சலுக்குக் குடிக்கும் கசாயத்தை இதற்காகக் குடிக்க வேண்டாம்.

கேள்வி: அவுரி இலைப் பொடி கொலைடிஸை ஆற்றும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். தலைக்குப் போட வாங்கியது வீட்டில் இருக்கிறது.

பதில்: அதை வாயில் போடவே போடாதீர்கள். வீடியோவில் சொன்னதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. நீலச்சாயம் தரும் செடிகளிலிருந்து எடுக்கும் ‘சிங் தாய்’ என்ற சீன மருந்தை ஜப்பானில் 86 பேருக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். எட்டு வாரத்தில் மருந்தெடுத்தவர்களில் 70 முதல் 80 சதவீதம் பேர் தேறினார்கள். வெற்று மாத்திரையில் 14 சதவீதம்தான். தாவர மருந்துகளில் இவ்வளவு தெளிவான பலன் அபூர்வம். அது குடலில் இன்டர்லூக்கின்-22 என்ற புரதத்தின் சுரப்பைத் தூண்டி, சிதைந்த சவ்வை மறுபடி வளரச் செய்கிறது.

ஆனாலும் அந்த ஆய்வை இடையில் நிறுத்த வேண்டியிருந்தது. ஆய்வுக்கு வெளியே, அதே மருந்தைத் தானாக வாங்கிச் சாப்பிட்ட ஒருவருக்கு நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறிவிட்டது. உயிருக்கே ஆபத்தான நோய் அது. உங்களிடம் இருப்பதோ வேறு பண்டம், வெறும் இலைப்பொடி. முடிச்சாயப் பொடிகளில் ரசாயனம் கலப்பதும் நடக்கிறது.

கேள்வி: மகனுக்கு க்ரோன்ஸ் நோய் (குடலின் எந்தப் பகுதியிலும் வரக்கூடிய இன்னொரு வகை அழற்சி), சிறுகுடலில் ஓர் இடம் சுருங்கியிருக்கிறது. மலச்சிக்கலுக்கு இசப்கோல் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கொலைடிஸ் அடங்கியிருப்பவர்களுக்கு இசப்கோல் உதவலாம், ஆனால் சுருங்கிய குடலில் அது ஊறி உப்பி அடைத்துக்கொள்ளும். மலச்சிக்கலே அந்தச் சுருக்கத்தால் வந்ததாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.