அப்பாவின் மூளையைத் தானம் கொடுத்தால் கணினி அதில் என்ன பார்க்கும்?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, சில வருடங்களாக அல்சைமர். அவர் காலத்துக்குப் பிறகு மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்க நினைக்கிறோம். இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே, ஸ்கேன் படங்கள் போதாதா? கொடுப்பதென்றால் என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: போதாது. எம்ஆர்ஐயில் மூளை சுருங்கியிருப்பது தெரியும், பெட் ஸ்கேன் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கிறதா என்று சொல்லும், ஆனால் ஒவ்வொரு பிளேக்கும் (அந்தப் புரதம் படிந்த திட்டு) எந்த வகை, எந்த அடுக்கில், பக்கத்தில் இரத்தக்குழாய் பாதித்திருக்கிறதா என்பதையெல்லாம் திசுவை மெல்லிசாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால்தான் பார்க்க முடியும்.

இதை நிபுணர் கண்ணால் பார்த்து 'இல்லை, குறைவு, மிதம், அதிகம்' என்று குறிப்பது வழக்கம். ஸ்லைடு (திசுத் துண்டு ஒட்டிய கண்ணாடி) முழுக்க ஒன்றுவிடாமல் எண்ண மனிதருக்கு ஏது நேரம்? அங்கேதான் மெஷின் லேர்னிங், அதாவது எடுத்துக்காட்டுகளைக் காட்டிக் கணினியைப் பழக்கும் முறை, வருகிறது. 2019இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ், சான் பிரான்சிஸ்கோ வளாக ஆய்வாளர்கள், 43 ஸ்லைடுகளின் படங்களிலிருந்து பிளேக்காக இருக்கக்கூடிய 70,000க்கும் மேற்பட்ட இடங்களைப் பிரித்தெடுத்து, நிபுணர் வகை குறித்த அந்தப் படங்களைக் கொண்டு ஒரு நியூரல் நெட்வொர்க்கை (படங்களை வகை பிரிக்கக் கற்கும் கணினி மாடல்) பழக்கினார்கள். (கணினி தானாகவே கற்றுக்கொண்டது என்று செய்தியில் படித்தால், அதற்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தார் என்று சேர்த்துப் படியுங்கள்.)

சிக்கலும் உண்டு. சாயத்தின் அழுத்தம், திசு கெடாமலிருக்க ஃபார்மலினில் ஊறிய காலம், ஸ்கேனர் எல்லாம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும், அதனால் ஓரிடத்துப் படங்களில் மட்டும் பழகிய மாடல் வேறு இடத்து ஸ்லைடில் தடுமாறும். இன்னொன்று, மாடலைப் பழக்கும் படங்களிலும் அதைச் சோதிக்கும் படங்களிலும் ஒரே மூளையின் துண்டுகள் கலந்துவிட்டால் மாடலின் மதிப்பெண் பொய்யாக ஏறும். ஆக, படங்கள் லட்சக்கணக்கில் இருந்தாலும் உண்மையில் கணக்கில் வருவது எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பதுதான். உங்கள் அப்பாவின் ஒரு மூளைக்கு மதிப்பு அதனால்தான்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் அவருடைய ஃபைல். மறதி எப்போது தொடங்கியது, எம்எம்எஸ்இ (நினைவாற்றலைச் சோதிக்கும் கேள்வித்தேர்வு) மதிப்பெண்கள், மருந்துகள், பக்கவாதம், சர்க்கரை, எதுவரை படித்தார், எல்லாவற்றையும் தேதியோடு ஒரே இடத்தில் வையுங்கள். கணினி பிளேக்கை எண்ணும், ஆனால் அத்தனை பிளேக்கோடு அவர் எப்படி நடமாடினார் என்பது ஸ்லைடில் இருக்காது. பழைய சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பெங்களூருவில் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இயங்குகிறது. இப்போதே பேசி, உங்கள் ஊர் தூரத்துக்கு எடுப்பார்களா, வண்டி யார் ஏற்பாடு என்று கேளுங்கள். இறந்து சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டியது, அன்று போய்த் தேட முடியாது. நெருங்கிய உறவினரின் சம்மதம் தேவை என்பதால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். முழு உடல்தானமும் மனதில் இருந்தால், மூளை எடுத்த உடலை ஏற்பார்களா என்று அந்த மருத்துவக் கல்லூரியில் தனியாகக் கேட்க வேண்டும். முகம் சிதையாது, இறுதிச் சடங்கு வழக்கம்போல் நடத்தலாம். சம்மதப் படிவத்தில் டிஜிட்டல் படங்களை மற்ற நிறுவனங்களோடு பகிர்வது பற்றிய வரியைக் கட்டாயம் படியுங்கள், திசு தீர்ந்துபோனாலும் படங்கள் இருக்கும்.

அப்புறம், அம்மாவுக்கு மறதி இல்லையென்றால் அவரையும் கேட்டுப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத மூளைகளும் வேண்டும், அவற்றைக் கொடுக்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.