உங்களுக்கு எது வேதப்புத்தகம்?

கேள்வி: என் மகளின் பள்ளித் தோழி ஞாயிறுதோறும் வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போகிறவள். "உங்களுக்கு எது வேதப்புத்தகம்?" என்று அவள் கேட்டாளாம். பகவத் கீதை என்று சொல்லச் சொன்னேன். சரிதானா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தவறில்லை அம்மா, ஆனால் முழு விடையும் ஆகாது. கீதை தனி நூலாகப் பிறந்ததன்று. 18 பருவங்கள் கொண்ட மகாபாரதத்தில் பீஷ்ம பருவத்துக்குள் 18 அத்தியாயங்களாக, 700 சுலோகங்களாக அமைந்திருப்பது. உபநிடதங்களுக்கு இணையாக அதை வைத்து ஆசாரியர்கள் உரை செய்திருந்தாலும், மகாபாரதம் இதிகாசம் என்பதால் மரபு அதை ஸ்மிருதி, அதாவது நினைவில் நின்றது, என்றே வகுக்கிறது. காதால் கேட்கப்பட்டது என்னும் பொருள்படும் சுருதி, ருக்கு, யஜுர், சாமம், அதர்வணம் என்னும் நான்கு வேதங்களே. ருக்கு வேதம் மட்டுமே 10 மண்டலங்களும் 1028 சூக்தங்களும் கொண்டது. உபநிடதங்கள் இவ்வேதங்களின் இறுதிப் பகுதியாக வருபவை.

அந்தத் தோழியின் நூற்பெயரிலேயே வேதம், ஆகமம் என்னும் இரண்டு சொற்கள் கூடியிருக்கின்றன அல்லவா? நம் மரபில் அவை இரண்டும் வேறு வேறு. மகளை அழைத்துக்கொண்டு ஒருநாள் நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்ச் சுவாமி சன்னதியில் அபிஷேகத்தின்போது நின்று பாருங்கள். அங்கே ஓதப்படும் ருத்ரம் யஜுர் வேதத்தைச் சேர்ந்தது. எதற்குப் பின் எது, எந்த உபசாரம் எப்போது என்று அந்தப் பூசையை வகுத்துத் தந்தவை சைவ ஆகமங்கள். அவை 28 என்பது மரபு. ஓதுவார் வாய் திறந்து "மருந்தவை மந்திரம்" என்று தொடங்கினாரானால், அது திருஞானசம்பந்தர் இந்த ஊருக்கென்றே பாடிய பதிகம், மூன்றாம் திருமுறையில் உள்ளது. ஒரே பூசைக்குள் மூன்று நூல்தொகுதிகள் வந்து சேர்கின்றன. ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்ட முடியாததற்குக் காரணம் இதுதான் என்று உங்கள் மகள் தோழியிடம் தயங்காமல் சொல்லலாம்.

கேள்வி: எழுத்து இருந்த காலத்திலும் வேதத்தை எழுதி வைக்காதது ஏன்? வாய்வழியாக வந்ததில் பிழை நேராதா?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ஒலியின் ஏற்ற இறக்கமே மந்திரத்தின் உயிர், அதை ஏடு தாங்காது என்று கருதினார்கள். குறுந்தொகையிலேயே (156) வேதத்துக்கு 'எழுதாக் கற்பு' என்று பெயர். பிழை நேராமல் காக்க அவர்கள் செய்த ஏற்பாடு வியப்புக்குரியது. ஒரு வரியில் உள்ள சொற்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். கிரம பாடம் என்னும் ஓதும் முறையில் ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று என்று இணைத்துச் சொல்ல வேண்டும். ஜடையில் ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு. கனத்திலோ ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று, மூன்று-இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று. இப்படி முன்னும் பின்னும் பின்னிய பிறகு ஒரு சொல் நழுவினால் ஓதுகிறவரின் நாவே தடுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: திருவாய்மொழியைத் தமிழ் வேதம் என்பது புகழ்ச்சிக்காகச் சொல்வதா?
– ஒரு வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: பொருநைக் கரையில், நம்மாழ்வார் பிறந்த குருகூராகிய ஆழ்வார்திருநகரிக்கு இத்தனை அருகில் இருந்துகொண்டு நீங்கள் கேட்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நம்மாழ்வாரின் நான்கு நூல்களும் நான்கு வேதங்களின் சாரம் என்றும், அவற்றுள் 1102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழி சாம வேதத்தின் சாரம் என்றும் வைணவ ஆசாரியர்கள் உறுதியாகவே கொண்டார்கள். இது சொல்லளவில் நிற்கவில்லை. பெருமாள் புறப்பாட்டில் திருவாய்மொழியும் அடங்கிய ஆழ்வார் பாசுரத் தொகுப்பான நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைச் சேவிக்கும் (ஓதும்) கோஷ்டி முன்னே செல்ல, வேத பாராயணம் செய்வோர் பின்னே வருகிறார்கள்.

அந்தப் பாசுரங்கள் மறைந்துபோக இருந்தவை என்பதையும் நினைக்க வேண்டும். 'ஆராவமுதே' என்று தொடங்கும் பதிகத்தைக் கேட்ட வைணவ ஆசாரியர் நாதமுனிகள், அதன் முடிவில் 'ஓராயிரத்துள் இப்பத்தும்' என்று வந்ததைக் கவனித்து, மற்றவை எங்கே என்று தேடிக் குருகூருக்கு வந்தார் என்று ஆசாரியர்களின் வரலாறு சொல்லும் குருபரம்பரை கூறுகிறது. அங்கே கிடைத்தது, பக்கத்துத் திருக்கோளூரில் பிறந்த மதுரகவியாழ்வாரின் 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' மட்டுமே. அதையே திருப்புளியமரத்தடியில் 12,000 முறை ஓதி, நாலாயிரத்தையும் அவர் பெற்றார் என்பது நம்பிக்கை. நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம். அது 11 பாசுரங்கள்தான், ஒரு மாலைப்பொழுது போதும்.