நீராவிக் குழாயைக் கழற்றுமுன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பழைய செங்கல் ஆலை. கூரை 9 மீட்டர் உயரம். பாய்லர் எரிந்தும் கீழே நிற்பவர்களுக்குக் குளிர்கிறது. கதிர்வெப்பம் உதவுமா? (ஹாமில்டன்)

பதில்: உதவும். விசிறி வைத்த நீராவி ஹீட்டர் காற்றைச் சுடவைக்கிறது. அந்தக் காற்று கூரைக்கு ஏறிவிடுகிறது. கதிர்வெப்பக் குழாய் (கூரையடியில் தொங்கும், உள்ளே எரிவாயு பர்னர் எரியும் குழாய்) தரையையும் இயந்திரத்தையும் ஆளையும் நேரடியாகச் சூடாக்கும். லாரிக்காகக் கதவைத் திறந்தாலும் தரையில் சூடு நிற்கும்.

கேள்வி: பாய்லர் தகட்டில் 20 லட்சம் பி.டி.யு. என்றிருக்கிறது. அதே அளவுக்குக் கதிர்வெப்பக் குழாய் வாங்கலாமா? (டொராண்டோ)

பதில்: கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. பி.டி.யு. என்பது வெப்ப அளவு; மணிக்கு 20 லட்சம் என்றால் கிட்டத்தட்ட 600 கிலோவாட். குளிர்ந்து கிடக்கும் இரும்புக் குழாய்களைக் காலையில் சூடேற்றுவதற்கென்றே நீராவி பாய்லரைப் பெரிதாகப் போடுவார்கள். அந்த இரும்புக் குழாய்கள் போனால் அந்தத் தேவையும் போய்விடும். நான் பார்த்த ஓர் ஆலையில் பாய்லரில் பாதி சாயத்தொட்டிகளுக்காக இருந்தது; தொட்டிகளை எடுத்து முப்பது வருடம் ஆகியிருந்தது! தகட்டை நம்பி வாங்கினால் பர்னர் நிமிடத்துக்கொருமுறை எரிந்து அணையும், கதிர்வெப்பக் குழாய்க்குள் ஈரம் கோத்துத் துருப்பிடிக்கும், கீழே நிற்பவருக்குத் தலை சுடும்.

முதலில் வெப்ப இழப்பைக் கணக்கிடுங்கள். வெப்பக்காப்பு இல்லாத செங்கல் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 2 வாட் வெளியேறும். உள்ளே 18, வெளியே கழித்தல் 20 என்றால் 1,000 சதுர மீட்டர் சுவருக்கு ஏறக்குறைய 75 கிலோவாட். இதோடு கூரை, ஜன்னல், கதவிடுக்கு ஆகியவற்றையும் கூட்டுங்கள். ஒரு நாள் வேலை. அதைச் செய்யாமல் விலை சொல்லும் ஒப்பந்தக்காரரைத் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: பழைய நீராவிக் குழாய்மேல் உள்ள வெள்ளைப் பூச்சை நாங்களே உரிக்கலாமா?

பதில்: தொடாதீர்கள். கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். கனடா அதைத் தடைசெய்தது 2018இன் இறுதியில்தான். பழைய கட்டடங்களில் இருப்பது அப்படியே இருக்கிறது. பரிசோதனை முடிவு வரும்வரை ஒரு சுரண்டல்கூட வேண்டாம்.

கேள்வி: எங்கள் பட்டறைக்கு எரிவாயுக் கதிர்வெப்பக் குழாய் சரியா?

பதில்: என்ன பட்டறை? மரத்தூளா, பெயிண்டா, கரைப்பானா? கூரை எவ்வளவு உயரம்? ஒன்றுமே எழுதாமல் எரிகிற பர்னரைப் பற்றிக் கேட்கிறீர்கள். விவரத்தோடு எழுதுங்கள், அதுவரை எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: தரைக்குள் சுடுநீர்க் குழாய்?

பதில்: புதிய கான்கிரீட் ஊற்றுவதானால் அருமை. இருக்கும் தரையை உடைப்பதானால் வேண்டாம். பின்னால் இயந்திரத்துக்குப் போல்ட் அடிக்கத் துளைபோடுகிறவர் குழாயையும் துளைத்துவிடுவார்.

கேள்வி: நீராவியை நிறுத்திய முதல் குளிர்காலத்திலேயே படிக்கட்டில் ஸ்பிரிங்க்ளர் குழாய் (தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் குழாய்) உறைந்து வெடித்தது. ஏன்? (விண்ட்சர்)

பதில்: படிக்கட்டையும் நிலவறையையும் இத்தனை காலம் காத்தது நீராவிக் குழாயிலிருந்து கசிந்த சூடுதான். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கதிர்வெப்பமோ குழாய்க்கு நேராகத் தெரியும் இடத்தை மட்டுமே நேரடியாகச் சூடாக்கும். தண்ணீர் நிற்கும் ஸ்பிரிங்க்ளர் குழாய் ஓடும் இடமெல்லாம் 4 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. அங்கே சிறிய மின் ஹீட்டர்களை இப்போதே மாட்டுங்கள். உடைந்த குழாயைச் சரிசெய்து, மற்ற மூலைகளையும் தெர்மாமீட்டரோடு ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.