ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்குச் சோறு தங்கவில்லை, என்ன கொடுப்பது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 52 வயது. எடைக்குறைப்புக்காக ஸ்லீவ் ஆபரேஷன் நடந்து ஏழு வாரம் ஆகிறது. இரண்டு கவளம் சோறு போனதும் வாந்தி வருகிறது. ரசஞ்சாதமாகக் கரைத்துக் கொடுத்தால் மட்டும் தங்குகிறது. அடுத்த மாதம் வீட்டில் கல்யாணம் வேறு. எதை, எப்படிக் கொடுப்பது?

பதில்:

முதலில் ஒன்றைப் பாருங்கள். வாந்தி சோற்றுக்கு மட்டும்தானா, தண்ணீருக்குமா? தண்ணீரும் பாலும் தங்குகின்றன, சோறுதான் வருகிறது என்றால் பெரும்பாலும் சாப்பிடும் முறையை மாற்றினாலே சரியாகிவிடும். தண்ணீரே ஒரு நாள் முழுக்கத் தங்கவில்லை என்றாலோ, எதைச் சாப்பிட்டாலும் தினமும் வாந்தி என்றாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள். மிச்சமிருக்கும் இரைப்பைக் குழாய் சுருங்கியிருக்கலாம், முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதை எண்டோஸ்கோப்பி போன்ற பரிசோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும்.

இதில் ஓர் ஆபத்து பலருக்குத் தெரியாமல் போகிறது. வைட்டமின் பி1 என்கிற தயமின் உடம்பில் சில வாரங்களுக்கு மட்டுமே இருப்பில் இருக்கும். தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு அது சீக்கிரம் தீர்ந்துவிடும். நம் பக்கம் வாந்தி, மயக்கம் என்றாலே பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடுவார்கள். தயமின் தீர்ந்த உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மிச்சம் மீதியும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது எல்லாம் அதன் அடையாளங்கள். ஆகவே, "எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆனவங்க, தயமின் ஊசி போட்டுட்டு அப்புறம் குளுக்கோஸ் போடுங்க டாக்டர்" என்று நீங்களே கேட்டு வாங்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து வீட்டில் எல்லார் போனிலும் வைத்திருங்கள்.

இனி சோற்றுக்கு வருவோம். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பது வாழைக்காய் வடிவில் ஒரு குழாய். ஆரம்பத்தில் 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும், அதாவது ஒரு காப்பித் தம்ளர். பிசைந்த சோறு மென்ற பிறகு பசைபோல உருண்டு திரண்டு அந்தக் குழாயில் அப்பிக்கொள்கிறது. நெஞ்சை அடைக்கிறது, எச்சில் ஊறுகிறது, வெளியே வந்துவிடுகிறது. ரசத்தில் கரைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறது. தங்குகிறதே என்று நீங்கள் நிம்மதிப்படுவது நியாயம்தான். ஆனால் இந்த ரசஞ்சாதத்தைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்வேன். நீராக இருப்பதால் சீக்கிரம் குழாயைவிட்டு இறங்கிவிடும், ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். 100 கிராம் சோற்றில் புரதம் இரண்டரை கிராம் போலத்தான். இப்போது இதனால் தசை கரையும். பின்னாளில் எடை திரும்புவதற்கும் இந்த மாதிரி வழுக்கி இறங்குகிற சாப்பாடு ஒரு காரணம். மோர் சாதம், பழைய சோற்று நீராகாரம், டீயில் நனைத்த பிஸ்கெட், கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும் மிக்சர், முறுக்கு எல்லாம் அதே வகை.

டெல்டாவில் சாப்பாடு என்றாலே சோறுதான், மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். தட்டில் முதலில் மீன் அல்லது முட்டை அல்லது பனீர், அடுத்து கெட்டிப் பருப்பு, பிறகு கீரை மசியலோ கூட்டோ. இடம் இருந்தால் கடைசியில் ஒரு மேசைக்கரண்டி சோறு, இல்லையென்றால் அதுவும் வேண்டாம். குழம்பில் தானை, அதாவது காய், மீன் துண்டுகளை மட்டும் எடுத்துப் போடுங்கள், குழம்பை ஊற்றிப் பிசைய வேண்டாம்.

நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. வயிறு கொள்ளும் அளவை வைத்துப் பார்த்தால் ஏன் மீன் வசதி என்று புரியும். 60 கிராம் வெந்த மீன் நாலு சின்னக் கவளம்தான், அதில் 12 கிராம் புரதம் வந்துவிடும். அதே 12 கிராமைப் பருப்பில் எடுக்க 50 கிராம் பருப்பை வேகவைக்க வேண்டும். வெந்தால் அதுவே வயிற்றை முழுக்க நிரப்பிவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையிலிருந்து மீன் வரும் ஊரில் இருக்கிறீர்கள், அது பெரிய வசதி. சுறாப்புட்டு இந்தக் கட்டத்துக்கு அருமையான சாப்பாடு. உதிரியாக, மெத்தென்று இருக்கும், முள் பயம் இல்லை. மிளகாயைக் குறைத்து, எண்ணெய் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். விரால் நல்லது. கெண்டையில் முள் அதிகம், இப்போது வேண்டாம். இறால் ரப்பர் போல இழுக்கும். நாட்டுக்கோழி நார் நாராக நின்று அடைக்கும். இரண்டையும் மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்.

சைவ வீடு என்றால் பனீர், கெட்டித் தயிர், சோயா, வே புரோட்டீன் பவுடர் (பாலிலிருந்து எடுக்கும் புரதத் தூள்) இல்லாமல் கணக்கு எட்டாது. பருப்புசிலி உலர்ந்து தொண்டையில் நிற்கும். அதற்குப் பதில் கும்பகோணம் கடப்பாவை உருளைக்கிழங்கு இல்லாமல், தேங்காயைப் பாதியாகக் குறைத்து, பாசிப்பருப்பு கெட்டியாக வையுங்கள்.

ஒரு நாள் இப்படிப் போகலாம். காலை எட்டு மணிக்கு ஒரு முட்டை, பாதி இட்லி. பத்தரைக்கு 200 மில்லி பாலில் ஒரு ஸ்கூப் வே பவுடர் கலந்து அரை மணி நேரம் உறிஞ்சிக் குடிக்கலாம், 30 கிராம் புரதம் இதிலேயே சேர்ந்துவிடும். பால் வயிற்றைக் கலக்கினால் பவுடரைத் தண்ணீரில் கலக்குங்கள். மதியம் மேலே சொன்ன மீனும் இரண்டு கரண்டி கெட்டிப் பருப்பும் கீரையும். நாலு மணிக்கு 150 கிராம் கெட்டித் தயிர். இரவு ஏழரைக்கு ஒரு முட்டை, 30 கிராம் பனீர். மொத்தம் 65 கிராமைத் தாண்டும். டாக்டர் கொடுத்த அட்டவணை வேறு மாதிரி இருந்தால் அதுவே முதல்.

சாப்பிடும் விதமும் முக்கியம். தேக்கரண்டியால், ஒரு வாய்க்கு இருபது தடவை மென்று, இருபத்தைந்து நிமிஷம் எடுத்துக்கொள்ளட்டும். விக்கல், மூக்கில் நீர், தும்மல் இதில் ஒன்று வந்தாலே வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். "இன்னும் ஒரு வாய்தான்" என்று ஊட்டாதீர்கள், வாந்தியெடுக்க வைப்பது அந்த ஒரு வாய்தான். வாந்தி வந்துவிட்டால் அன்று முழுக்கத் தண்ணீர், பால் போலக் குடிப்பவை மட்டும்.

தண்ணீர் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டும். சாப்பாட்டோடு கூடாது, சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான். நம் ஊரில் சொம்பை அண்ணாந்து வாயில் ஊற்றிக் குடிக்கிற பழக்கம் உண்டு. இதில் காற்றும் சேர்ந்து இறங்கி, ஒரே மடக்கில் தண்ணீர் போய் நெஞ்சு வலிக்கும். அம்மாவுக்குத் தனித் தம்ளர் வைத்து, உதடு வைத்து உறிஞ்சிக் குடிக்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் வயலுக்குப் போகிறவர் என்றால் பாட்டிலைக் கையோடு கொண்டுபோகட்டும்.

மாத்திரைகள் ஆயுள் முழுக்க. கால்சியம் நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒரு வேளைக்கு 500 வீதம். அட்டையில் 'சிட்ரேட்' என்று இருக்கிறதா பாருங்கள். கடையில் சட்டென்று எடுத்துத் தருவது கார்பனேட். அமிலம் குறைந்த வயிற்றில் அது சரியாகச் சேராது. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைக் காப்பியோடு போட்டால் பாதி வீண். பி12, டி3 டாக்டர் எழுதியபடி. மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதமும், பிறகு வருஷா வருஷமும் ரத்தப் பரிசோதனை. சர்க்கரை, பிரஷர் மாத்திரை பழைய அளவிலேயே ஓடினால் எடை குறையக் குறையத் தலைசுற்றி விழுவார், அளவைக் குறைக்க டாக்டரைப் பாருங்கள். மூட்டு வலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடக் கூடாது, வயிற்றுப் புண் வரும். பாரசிட்டமால் போதும். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டலாம். எண்ணெய் தேய்த்து நிற்காது, புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் சில மாதங்களில் தானே முளைக்கும்.

கல்யாணத்தன்று புறப்படுமுன் வீட்டிலேயே முட்டையோ பனீரோ சாப்பிட்டுவிடட்டும். பந்தியில் உட்கார்ந்தால் பருப்பு, கூட்டு, தயிர் மட்டும். பரிமாறுகிறவர்களிடம் "அம்மாவுக்கு வயித்துல ஆபரேஷன், கேட்டா மட்டும் வைங்க" என்று முன்கூட்டியே நீங்கள் சொல்லிவைத்தால் அவர் ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாயசம் வேண்டாம். சர்க்கரை நீர் வேகமாகக் குடலில் இறங்கி அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். எடைக்குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் ஆபரேஷன்) செய்தவர்களுக்கு இது அதிகம், ஸ்லீவிலும் உண்டு. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும். திருவையாறு அசோகாவை, "பாசிப்பருப்புதானே, ஒரு கரண்டி சாப்பிடுங்க" என்று நிச்சயம் யாராவது நீட்டுவார்கள். அதில் பருப்பைவிடச் சர்க்கரையும் நெய்யும்தான் அதிகம். இலையை மூடிவிட்டு எழுந்து அரை மணி கழித்துக் குடிக்கத் தண்ணீர் பாட்டிலையும், இரும்பு மாத்திரை வேளையாக இருந்தால் அதையும் கைப்பையில் போட்டுக் கொடுங்கள்.